மலிவுப் பொம்மைகளின் கொலு

பொம்மை வாங்குவது குழந்தைகளின் காரியம் என்று எண்ணுகிறவர்கள், நவராத்திரிக்குப் பத்து நாளைக்கு முன்னால் ஒரு மாலை வேளையில் சென்னை மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நடைபாதை நெடுகிலும் தார்ப்பாய் விரித்து, பலகை அடுக்கி, பொம்மைகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். தசாவதாரமும் அஷ்டலக்ஷ்மியும் ஒரு பக்கம். மளிகைச் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தொந்தியும் தொப்பையுமாக உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும் ஒரு பக்கம். கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் ஆட்டம், கிராமத்துக் கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவை இன்னொரு பக்கம். அவற்றின் எதிரே குந்தி உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, ஒரு சாண் உயரத்து நாயனக்காரரின் மூக்கு நேராக இருக்கிறதா என்று பரிசோதிப்பவர்கள் குழந்தைகள் அல்லர். பேரன் பேத்தி எடுத்தவர்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வீட்டு வரவு செலவைக் கண்ணும் கருத்துமாக நடத்தும் குடும்பத் தலைவிகள்.

இவர்களெல்லாரும் பெரும் பணக்காரர்களா என்றால், இல்லை. ஆயிரக் கணக்கில் கொடுத்து ஒரு முழு 'செட்'டை அட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டுதான். ஆனால் கடைக்குக் கடை நின்று, ஐம்பது ரூபாய்க்கு ஒன்று, நூறு ரூபாய்க்கு ஒன்று என்று பொறுக்கியெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைத்தான் அங்கே அதிகமாகப் பார்க்கிறோம். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது; அவர்கள் பல வருஷங்களாகச் சேர்த்துவரும் மலிவுப் பொம்மைகளைப் பற்றியது.

மலிவு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அது நியாயமன்று. மலிவிலேயே இரண்டு விதம் உண்டு. ஒரு விதத்து மலிவு வீட்டுக்கு அழகு, செய்தவனுக்கும் சோறு. மற்றொரு விதத்து மலிவு வாங்கிய அன்று மட்டும் மலிவு. இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால், அற்ப சம்பளக்காரரும் அரண்மனைக் கொலுவை விட ரஸமான கொலு ஒன்றைத் தம் வீட்டுக் கூடத்தில் வைக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

வருஷத்துக்கு ஒன்று

பிரதி வருஷமும் குறைந்த பக்ஷம் ஒரு புதுப் பொம்மையாவது கொலுவில் சேர வேண்டும் என்பது தமிழ்க் குடும்பங்களில் நெடுநாளாக இருந்துவரும் ஏற்பாடு. எந்தச் சாஸ்திரத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டால், பாட்டிமார்கள் "எங்கள் மாமியார் சொன்னது" என்று முடித்துவிடுவார்கள். சொன்னவர் யாராயிருந்தாலும் சரி, குடும்பஸ்தனின் பணப்பையையும் குயவனின் பானையையும் ஒருங்கே அறிந்த புத்திசாலி அவர். ஒன்று வாங்கினால் போதும் என்பதால் ஏழையும் வாங்க முடிகிறது. பிரதி வருஷமும் வாங்க வேண்டும் என்பதால் பொம்மை செய்கிறவனுக்கு அடுத்த வருஷமும் வேலை இருக்கிறது. இருபது வருஷம் குடித்தனம் செய்த வீட்டில் ஒருவரும் சிரமப்படாமல் இருபது பொம்மைகள் சேர்ந்துவிடுகின்றன.

ஆந்திர தேசத்தில் இதே வழக்கத்துக்குப் பொம்மல கொலுவு என்று பெயர். கன்னட நாட்டில் கொம்பெ ஹப்ப, அதாவது பொம்மைத் திருவிழா. பெயர் எதுவானாலும் பெண்கள் கையிலேயே வளர்ந்த கலை இது. எந்தப் பொம்மையை எந்தப் படியில் வைப்பது, எதன் அருகில் எதை வைத்தால் சண்டை போடாமல் இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையாகப் படி கட்ட வேண்டும். தகரப் பெட்டி, பலகை, தடித்த புஸ்தகங்கள் என்று அகப்பட்டதையெல்லாம் அடுக்கி, மேலே ஒரு வெள்ளை வேஷ்டியைச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டால் படி தயார். இந்தக் காலத்தில் மடக்கி வைக்கும் இரும்புப் படிகள் வந்துவிட்டன. சௌகரியம்தான், ஆனாலும் பெட்டியின் மேல் பெட்டி ஏற்றிய நாட்களில் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் சிறிது வேலை இருந்தது.

பேரம் பேசுவது இந்தக் கலையின் ஓர் அங்கம். மாட வீதியில் நாம் கேட்ட பேரம் ஒன்று இது.

"இந்தப் பசுவும் கன்றும் என்ன விலைம்மா?"

"நூத்திருவது சொல்றோம், நீங்க நூறு குடுங்க."

"எழுபதுதான் தருவேன்."

"மண்ணு, விறகு, வர்ணம், வண்டி வாடகை எல்லாம் இருக்குதும்மா. போன வருஷம் ஊஞ்சல் கிருஷ்ணரு எங்கிட்டத்தானே வாங்கினீங்க? தொண்ணூறு குடுங்க."

அந்த அம்மாள் தொண்ணூறு ரூபாயை மறுபேச்சின்றி எடுத்துக் கொடுத்துவிட்டார். போன வருஷத்துக் கிருஷ்ணனை ஞாபகம் வைத்திருக்கும் கடைக்காரியிடம் இருபது ரூபாய்க்கு மேல் வாதாடுவது எப்படி?

மண் மனிதனாகும் விதம்

தொண்ணூறு ரூபாய்க்கு விலைபோன அந்தப் பசுவும் கன்றும் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் பண்ருட்டியிலிருந்தோ, காஞ்சிபுரத்திலிருந்தோ, மதுரையை அடுத்த விளாச்சேரியிலிருந்தோ வந்திருக்கும். பண்ருட்டி என்றதும் நமக்குப் பலாப்பழமும் முந்திரிப் பருப்பும் நினைவுக்கு வருகின்றன. கெடிலக் கரையிலுள்ள அந்த ஊர் மண்பொம்மைக்கும் பேர்போனது. காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெருவை அழைக்கிறார்கள். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரியில் வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளையாரும் கொலுப் பொம்மைகளும் செய்துவருகிறார்கள். சென்னைப் பட்டணத்துக்குள்ளேயே கொசப்பேட்டை இருக்கிறது. குயவர்கள் குடியிருந்ததனால் ஏற்பட்ட பெயர்.

மண்பொம்மை செய்வது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு எளிதன்று. ஏரியிலிருந்தும் கண்மாயிலிருந்தும் எடுத்த களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, கல்லும் வேரும் போக வடிகட்டி, பதம் வரும்வரை காலால் மிதிக்க வேண்டும். பிறகு அச்சு. முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. தட்டிய மண்ணை இரண்டிலும் கட்டைவிரலால் அழுத்திப் பதித்து, விளிம்பில் சேற்றுக் குழம்பைத் தடவி ஒன்று சேர்த்தால் உள்ளே கூடான ஓர் உருவம் வெளியே வரும். கூடாக இருப்பது மண்ணை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் அன்று. கனமான மண்ணுக்குள் ஈரம் தங்கினால் சூளையில் வெடித்துவிடும். அடியில் ஒரு துவாரம் விடுவதும் உள்ளே இருக்கும் ஆவி வெளியேறுவதற்காகவே. பொருத்திய இடத்தைச் சீவி, முகத்தைத் திருத்தி, நிழலில் உலர்த்தி, பின்பு வெயிலில் காயவைத்துச் சூளையில் ஏற்றுவார்கள். சூளையிலிருந்து சிவந்து வந்த பொம்மைக்கு முதலில் வெள்ளை பூசி, அதன்மேல் வர்ணம். புடவைக்கும் வேஷ்டிக்கும் வர்ணம் பூசுவதை வீட்டுச் சிறுவர் சிறுமியரும் கற்றுக்கொள்வார்கள். கண் எழுதுவது மாத்திரம் கை தேர்ந்தவருடைய வேலை. ஒரு நூல் பிசகினால் மகாலக்ஷ்மிக்கு மாறுகண் வந்துவிடும் அல்லவா?

காகிதக் கூழ்ப் பொம்மை இதற்குத் தம்பி. பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்து, சுண்ணக்கட்டித் தூளும் பசையும் கலந்து, அதே விதமான அச்சில் அழுத்தி எடுப்பது. சூளை வேண்டாம், வெயில் போதும். கீழே விழுந்தாலும் மண்ணைப்போல் சுக்கு நூறாகாது. இலேசாக இருப்பதால் பரணில் ஏற்றுவதும் இறக்குவதும் சுலபம். மாடி வீடுகளில் சிறு இடத்தில் வசிக்கும் குடும்பங்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை.

இத்தனை வேலைக்கும் கிடைக்கும் காலத்தை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் மண் உலராது; சூளையும் எரியாது. மழை விட்டது முதல் ஆவணி வரையில் செய்து குவிக்க வேண்டும். மண்ணுக்கும் விறகுக்கும் வர்ணத்துக்கும் கைப்பணம் போதாமல் கடன் வாங்குவதும் உண்டு. இவ்வளவையும் விற்றுத் தீர்க்கக் கிடைப்பதோ நவராத்திரியை ஒட்டிய சில வாரங்கள். அந்த வாரங்களில் இரண்டு நாள் மழை பெய்துவிட்டால் நடைபாதைக் கடையில் தார்ப்பாய் பொம்மையின் மேல் ஏறிவிடுகிறது. வாங்குகிறவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். வருஷம் முழுவதும் உழைத்து, ஒரு பண்டிகையை மாத்திரம் நம்பிப் பிழைக்கும் தொழில் இது. குயவர் வீட்டுப் பையன்கள் படித்து வேறு வேலைக்குப் போக விரும்பினால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால் கண் எழுதத் தெரிந்த கை ஒன்று ஓய்ந்துபோய், அதன் இடத்தில் இன்னொரு கை வராவிட்டால், அச்சு இருந்தும் பொம்மைக்குப் பார்வை இராது.

எதை எடுத்தாலும் ஒரே விலை

இனி மற்றொரு விதத்து மலிவைப் பார்ப்போம். இன்று நம் ஊர்க் கடைவீதிகளில் 'எதை எடுத்தாலும் இத்தனை ரூபாய்' என்று பலகை தொங்கும் கடைகளைக் காணாதவர் இல்லை. சீப்பு, வடிகட்டி, பிளாஸ்டிக் பூ, குழந்தைக்கு ஊதல் என்று ஆயிரம் சாமான்களுக்கு நடுவே, கைவிரல் அளவில் பிள்ளையாரும் சிரிக்கும் புத்தரும் வாத்தும் தவளையும் கண் சிமிட்டும். தீபாவளி வந்தால் பிளாஸ்டிக் விளக்கு, கிறிஸ்துமஸ் வந்தால் சிவப்புக் குல்லாய்த் தாத்தா, பொங்கல் வந்தால் கரும்பும் பானையும் என்று பருவத்துக்கு ஏற்றபடி வேஷம் மாறும்.

இந்த வியாபார முறைக்கு அமெரிக்காவில் ஒரு பூர்வ கதை உண்டு. பிராங்க் வுல்வொர்த் என்பவர் 1879-ல் நியூயார்க் மாகாணத்து யூட்டிகா நகரில் எதை எடுத்தாலும் ஐந்து ஸெண்டு என்று ஒரு கடை திறந்தார். அது நீடிக்கவில்லை. அதே வருஷம் பென்ஸில்வேனியாவில் லாங்காஸ்டர் என்ற ஊரில் திறந்த கடை பிழைத்துக்கொண்டது. மறு வருஷம், 1880-ல், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிக் குண்டுகளை ஒரு வியாபாரி அவரிடம் கொண்டுவந்தார். இது யாருக்கு வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சிறிதளவு வாங்கி வைத்தாராம் வுல்வொர்த். சரக்கு இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. பிற்காலத்தில் அவருடைய கடைகள் ஊர்தோறும் பெருகியபோது, அந்தக் கண்ணாடிச் சாமான் ஜெர்மனியிலிருந்து ஏராளமாகக் கப்பலேறியது.

அவற்றைச் செய்தவர்கள் யார்? ஜெர்மனியில் துரிங்கியா மலைநாட்டிலுள்ள லௌஷா என்ற சிற்றூர்க் குடும்பங்கள். அப்பா கண்ணாடியை ஊதுவார். அம்மா உள்ளே வெள்ளிப் பூச்சு ஏற்றுவாள். குழந்தைகள் வர்ணம் தீட்டி மூடி பொருத்துவார்கள். பக்கத்திலிருந்த ஸொன்னபர்க் நகரைச் சுற்றிய கிராமங்களிலும் இப்படியே வீட்டுக்கு வீடு காகிதக் கூழ்ப் பொம்மைகள் செய்து உலகத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். பண்ருட்டிக்கும் துரிங்கியாவுக்கும் எத்தனையோ ஆயிரம் மைல். ஆயினும் அடுப்படியிலேயே தொழிற்சாலை என்ற விஷயத்தில் இரண்டும் உடன்பிறப்புக்கள்தாம்.

வித்தியாசம் ஒன்று உண்டு. பொம்மைக்காரத் தெருவில் முதலில் பொம்மை பிறக்கிறது. பிறகு அதன் விலை பிறக்கிறது. ஒரே விலைக் கடையிலோ முதலில் விலை பிறந்துவிடுகிறது. அந்த விலைக்குள் அடங்கும்படி பின்னால் பொம்மையைச் செய்கிறார்கள். விலை ஏறக்கூடாது என்றால் வேறு எது குறையும்? வர்ணம் ஒரு பூச்சுக் குறையும், கனம் குறையும், செய்கிறவனின் கூலி குறையும். தைக்கிற சட்டைக்கு உடம்பை இளைக்கச் சொல்வது போன்ற காரியம் இது.

வெளிநாட்டுப் பொம்மை நம் படியேறுவது புதிதுமன்று. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன் பொம்மை வரத்து நின்றுபோனபோது, ஜப்பான் தேசம் உலகச் சந்தையில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. செல்லுலாய்டு என்ற பொருளால் செய்த ஜப்பான் பொம்மைகள் நம் நாட்டுக் கடைகளிலும் வந்து குவிந்தன. இலேசும் பளபளப்பும் உள்ளவை. ஆனால் நெருப்புப் பொறி பட்டால் பக்கென்று பிடித்துக்கொள்ளும். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைக்கத் தக்க விருந்தாளிகள் அல்ல. பின்னாளில் சீனத்துப் பிளாஸ்டிக் பொம்மைகள் வந்து கடைகளை நிரப்பின. 2020-ல் இந்திய அரசாங்கம் வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு இறக்குமதித் தீர்வையை நூற்றுக்கு 20-லிருந்து 60-ஆகவும், 2023-ல் 70-ஆகவும் உயர்த்தியது. குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்குத் தர முத்திரை அவசியம் என்ற உத்தரவு 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமுலுக்கு வந்தது. பதிவு செய்துகொண்ட கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அந்த உத்தரவிலிருந்து விலக்கு அளித்திருக்கிறார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும், கன்னட நாட்டுச் சென்னபட்டணத்து மரப் பொம்மையும், ஆந்திரத்துக் கொண்டபள்ளிப் பொம்மையும் அந்தக் குறியீட்டைப் பெற்றவை.

தீர்வை போட்டால் மட்டும் மண்பொம்மை பிழைத்துவிடாது. உள்நாட்டிலேயே அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கும் பாரிஸ் சாந்தும் இருக்கின்றன. ஜிப்சம் என்ற கனிமத்தைச் சூடேற்றிச் செய்யும் பாரிஸ் சாந்து தண்ணீர் பட்டதும் சில நிமிஷங்களில் இறுகிவிடும். மிதிக்க வேண்டாம், சூளை வேண்டாம். ஆகையால் விரைவில் செய்யலாம். குறைந்த விலைக்கு விற்கலாம். உடைந்தால் மண்ணைப்போல் மண்ணோடு கலக்காது என்பதுதான் அதன் குறை.

ஒரே விலைக் கடைப் பொம்மையை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. குழந்தை தன் உண்டியல் காசில் ஆசையாக வாங்கிவந்த பிளாஸ்டிக் வாத்தைப் படியிலிருந்து துரத்துவதைப் போன்ற கொடுமை வேறில்லை. கொலுவுக்குப் பக்கத்தில் மணல் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தெளித்து முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக வைத்துக் குழந்தைகள் பூங்கா அமைப்பார்கள். வாத்துக்கு அதைவிட நல்ல இடம் ஏது? படியில் ஏறும் பொம்மை மாத்திரம் கையால் செய்ததாக இருக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

படியேறிய சரித்திரம்

பொம்மை சேர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நாட்டில் நடந்த காரியங்களைக் கொலுப் படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது. சுதந்திரப் போராட்ட காலத்தில் காந்தியடிகளும் பாரத மாதாவும் மண் உருவத்தில் வீட்டுப் படிகளில் வந்து அமர்ந்தார்கள். 2019-ல் காஞ்சிபுரத்து அத்திவரதர் நாற்பது வருஷங்களுக்குப் பிறகு குளத்திலிருந்து எழுந்தருளி, ஜூலை முதல் தேதியிலிருந்து 48 நாள் தரிசனம் தந்தார். அந்த வருஷத்து நவராத்திரியில் சயனித்த கோலத்திலும் நின்ற கோலத்திலும் அத்திவரதர் பொம்மை கடைதோறும் இருந்தது. 2020-ல் கொள்ளை நோய் பரவியபோது முகக்கவசம் அணிந்த டாக்டரும் நர்ஸும் பொம்மையானார்கள். 2023 ஆகஸ்டில் சந்திரயான் நிலவில் இறங்கியது. அக்டோபரில் அது பல வீட்டுக் கொலுவிலும் இறங்கிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் எழுதியதைக் கறையான் தின்றாலும், குயவர் செய்ததைப் பேரன் எடுத்துப் பார்ப்பான்.

பழைமைக்கும் அங்கே இடம் உண்டு. மேல் படியில் கலசத்துக்கு அருகே நிற்கும் மரப்பாச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணுமாக ஜோடி. கல்யாணத்தின்போது பெண்ணுக்குப் பிறந்தவீட்டார் கொடுப்பது. அக்காலத்தில் செம்மரத்தில் கடைந்தார்கள். குழந்தை எடுத்து வாயில் வைத்துக் கடித்தாலும் கெடுதலில்லை என்று தைரியமாக விட்டார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையில் கடப்பை, சித்தூர்ப் பக்கங்களில் வளரும் அந்த மரம் அருகிப் போனதால், 1995 முதல் அதன் சர்வதேச வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. இன்று கடைகளில் கிடைக்கும் மரப்பாச்சி பெரும்பாலும் வேறு மரத்தில் செய்து சாயம் ஏற்றியது. ஆகவே, பாட்டி வைத்துவிட்டுப் போன கருஞ்சிவப்பு ஜோடி உங்கள் வீட்டில் இருந்தால், அதன் மூக்கு தேய்ந்துவிட்டது என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். அப்படிப்பட்டது இனி எந்தக் கடையிலும் எளிதில் அகப்படாது. புதுப் பட்டுத் துண்டில் புடவையும் வேஷ்டியும் உடுத்திவிட்டால் அவர்கள் மறுபடியும் மாப்பிள்ளை பெண்ணாகிவிடுகிறார்கள்.

சேர்ப்பவர்களுக்குச் சில யோசனைகள்

முதலாவது, பொம்மையைத் தலைகீழாகப் பாருங்கள். அடியில் துவாரமும் உள்ளே செம்மண் நிறமும் தெரிந்தால் சுட்ட மண். விரல் நகத்தால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கேயோ விரிசல் இருக்கிறது. உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தால் பாரிஸ் சாந்து. தூக்கினால் இலேசாகவும், தட்டினால் அட்டைச் சத்தமும் இருந்தால் காகிதக் கூழ். விலை பேசுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டால் ஏமாறுவதற்கு இடமில்லை.

இரண்டாவது, முழு வரிசையை ஒரே வருஷத்தில் வாங்கத்தான் வேண்டுமென்பதில்லை. தனியாக விற்கும் மச்சத்தையும் கூர்மத்தையும் இந்த வருஷம் வாங்கலாம். வராகம் அடுத்த வருஷம் வரட்டும். ஒரே ஊர் அச்சாகவும் ஒரே உயரமாகவும் பார்த்துக்கொண்டால் போதும். அவதாரம் எடுப்பதற்குப் பகவானே யுகக் கணக்கில் காத்திருந்தார். நாம் நாலைந்து வருஷம் காத்திருக்கக் கூடாதா?

மூன்றாவது, காலம் அறிந்து வாங்குங்கள். நல்ல முகவெட்டு வேண்டுமானால் கடை போட்ட முதல் வாரத்தில் போக வேண்டும். விலை குறைய வேண்டுமானால் பண்டிகை முடியும் தறுவாயில் போகலாம். மிஞ்சிய சரக்கை மறுபடி வைக்கோல் சுற்றி வண்டியேற்றி ஊருக்குக் கொண்டுபோவதை விட, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவதே கடைக்காரருக்கு ஆறுதல். அதற்காக அடிமாட்டு விலைக்குக் கேட்கலாகாது. பசுவைச் செய்தவரின் உழைப்பு அங்கே நிற்கிறது.

நான்காவது, உடைந்ததை எறியாதீர்கள். முறிந்த கையை ஒட்டலாம். காணாமற்போன கையைக் காகிதக் கூழால் உருட்டிப் பொருத்தலாம். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம், பழைய வர்ணம் துணியோடு வந்துவிடும். எடுத்து வைக்கும்போது மெல்லிய பழம்புடவைத் துண்டில் சுற்றி, அதன்மேல் காகிதம் சுற்றி, கனமானதைக் கீழேயும் இலேசானதை மேலேயுமாக அடுக்குங்கள். பசை கலந்த காகிதப் பொம்மை எலிக்கும் கறையானுக்கும் விருந்து; அதைத் தரையில் வைக்காமல், மூடியுள்ள பெட்டியில் உயரத்தில் வையுங்கள்.

ஐந்தாவது யோசனை, பள்ளிக்கூடத்து வாத்தியாரின் யோசனை. பொம்மையின் அடியில் ஒரு சிறு காகிதத்தை ஒட்டி, வாங்கிய வருஷம், ஊர், விலை, வாங்கியவர் பெயர் இந்த நாலையும் எழுதி வையுங்கள். எங்கள் வகுப்பில் பிள்ளைகளை ஒரு முறை வீட்டுக் கொலுவுக்கு இப்படிக் கணக்கு எழுதி வரச் சொன்னோம். சரித்திர பாடத்தில் தூங்கி வழியும் பையன்கூட, "இந்தக் கிருஷ்ணனை என் தாத்தா இரண்டே ரூபாய்க்குப் பண்ருட்டியில் வாங்கினாராம், அப்போது அவருக்குச் சம்பளம் இவ்வளவுதானாம்" என்று எழுந்து நின்று பேசினான். விலைவாசியும் வம்சாவளியும் பூகோளமும் ஒரு மண்பொம்மைக்கு அடியிலேயே கிடைத்துவிட்டன. அவன் வகுப்பில் தானாக வாய் திறந்தது அன்றுதான்.

ஒரு லக்ஷ ரூபாய்க்குக் கொலு வைப்பவர்களைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. ஒரே நாளில் வாங்கியதெல்லாம் ஒரே வயதுடையது. அதில் பார்ப்பதற்கு அழகு இருக்கும், சொல்வதற்குக் கதை இராது. விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்துத் தாலாட்டுகிறார்களே, அப்போது பாட்டி எடுத்துப் படுக்கவைப்பது பெரும்பாலும் விலையுயர்ந்த பொம்மையாக இருப்பதில்லை. நெடுநாளாக வீட்டில் இருக்கும் பொம்மையாகவே இருக்கிறது.

வரும் நவராத்திரிக்கு ஒவ்வொரு குடும்பமும் கையால் செய்த மண்பொம்மை ஒன்றே ஒன்று வாங்கட்டும். பெரிதாக வேண்டாம், ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். பணத்தைக் கொடுக்கும்போது அது எந்த ஊரில் செய்தது, யார் கண் எழுதினார்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர் சந்தோஷமாகச் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் அதைச் சீட்டில் எழுதிப் பொம்மையின் அடியில் ஒட்டிவிட்டுப் படியேற்றுங்கள்.